நரம்பும் நலம், தசையும் நலம். பிறகு இமை ஏன் தாழ்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. காலையில் நன்றாக இருப்பார். மாலையானால் இடது கண் இமை பாதி மூடிவிடுகிறது. எதிரே இருப்பது இரண்டாகத் தெரிகிறது என்கிறார். இரவில் பாதிச் சப்பாத்தியை மென்றதும் தாடை ஓய்ந்துபோகிறது. கோயிலில் தேவாரம் பாடுபவர். இப்போது இரண்டு பாட்டு முடிவதற்குள் குரல் மூக்கால் வருகிறது. முதலில் நரம்புத் தளர்ச்சி என்று பத்து நரம்பு ஊசி போட்டார்கள், பலன் இல்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து நரம்பியல் மருத்துவர் ஒருவர் கையிலும் முகத்திலும் கரண்ட் வைத்துப் பார்த்து, நரம்பும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது, இது மையஸ்தீனியா கிராவிஸ் என்று மாத்திரை எழுதினார். இரண்டும் நன்றாக இருந்தால் பலவீனம் எங்கிருந்து வருகிறது? ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கரண்ட் வைத்தது நரம்பைக் கெடுக்காதா? அதற்கு முன் கையை வெந்நீரில் வைக்கச் சொன்னது ஏன்? மாத்திரை ஆயுள் முழுவதுமா? எனக்கும் வருமா? அம்மா மறுபடியும் பாடுவாரா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், உங்கள் உறவினர்கள் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்லிவிட விரும்புகிறேன். உங்கள் அம்மா நடிக்கவில்லை. காலையில் நன்றாக இருந்து மாலையில் தளர்வதும், ஓய்வெடுத்தால் மீள்வதும், மறுபடி வேலை செய்தால் மறுபடி தளர்வதும்தான் இந்த நோயின் முகம். மற்ற நோய்கள் பலவற்றில் பலவீனம் வந்தால் வந்த இடத்தில் நிற்கும். இதிலோ மணிக்கு மணி மாறும். அதனாலேயே காலை பத்து மணிக்கு மருத்துவர் முன் அமரும்போது ஒரு குறையும் தென்படாமல் போய், வீட்டாரின் சந்தேகத்துக்கும் வழி ஏற்பட்டுவிடுகிறது. 1672ஆம் ஆண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், தாராளமாகப் பேசத் தொடங்கி, நீண்ட நேரம் பேசியதும் மீனைப் போல ஊமையாகி, ஓரிரு மணி நேரம் கழித்தே குரல் திரும்பப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். இரண்டாவது பாட்டில் குரல் மூக்குக்குப் போகும் உங்கள் அம்மாவின் நிலையும் அதுவே. இந்தப் பத்தியை மட்டுமாவது உறவினர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கை நடுக்கம், மனச்சோர்வு, சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல், தாம்பத்தியத் தயக்கம், தூக்கமின்மை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எல்லாவற்றையும் நம் ஊரில் இந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். ஊர் ஊராகப் போய் விடுதியில் அறை எடுத்து மருந்து விற்பவர்கள் இந்தச் சொல்லை வைத்தே பிழைக்கிறார்கள். நரம்பு ஊசி என்று போடப்படுவது பெரும்பாலும் வைட்டமின் பி12. அந்தச் சத்து குறைந்து நரம்பு பழுதானவர்களுக்கு அது அருமருந்து. உங்கள் அம்மாவுக்கு அந்தக் குறை இல்லையென்றால் பத்து ஊசியல்ல, நூறு ஊசி போட்டாலும் இமை எழாது. அந்த ஆறு மாதம் வீணானதில் எனக்கும் வருத்தமே.

இனி உங்கள் முதல் கேள்வி. இரண்டும் நன்றாக இருக்கும்போது பலவீனம் எங்கிருந்து வருகிறது என்பது மிகச் சரியான கேள்வி. மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இதற்கு விடை காண, இமையை உயர்த்த வேண்டும் என்ற ஆணை மூளையிலிருந்து புறப்பட்டுத் தசையைச் சென்றடையும் வழி நெடுக ஒருமுறை நாமும் நடந்து பார்க்க வேண்டும்.

நரம்பு என்பது செப்புக் கம்பி போன்ற ஒன்று என்றும், அதில் மின்சாரம் பாய்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு நரம்பிழையும் உயிருள்ள ஒரு செல்லின் நீண்ட வால். அது ஓய்ந்திருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் நுண்ணிய பம்புகள் இரவும் பகலும் உழைத்துத்தான் இந்த வேறுபாட்டைக் காத்துவருகின்றன. தொடுதல், சூடு, மருத்துவரின் மின்முனை, மற்றொரு நரம்பிலிருந்து வரும் தகவல் என ஏதேனும் ஒரு தூண்டல் அந்த மின்னழுத்தத்தை ஓர் எல்லைவரை குறைத்துவிட்டால், அங்குள்ள சோடிய வாயில்கள் ஒருசேரத் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அந்த இடத்தின் மின்நிலை தலைகீழாகிறது. உடனே அடுத்த இடம் தூண்டப்படுகிறது. பிறகு அதற்கடுத்த இடம். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி, கடந்து வந்த இடம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952இல் வெளியிட்டார்கள்.

தூண்டல் அந்த எல்லையை எட்டாவிட்டால் அலை எழாது. எட்டிவிட்டால் முழு அளவில் எழும். பாதி அலை என்று ஒன்று கிடையாது. அப்படியானால் இலேசாகத் தொடுவதையும் ஓங்கி அடிப்பதையும், பூவை எடுப்பதையும் குடத்தைத் தூக்குவதையும் உடல் எப்படி வேறுபடுத்துகிறது? ஒரு நொடியில் எத்தனை அலைகள், எத்தனை இழைகளில் என்ற எண்ணிக்கையால்தான். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் நோய் இங்கேதான் பிடிபடப் போகிறது.

இந்த அலையின் வேகத்தை ஒருநாளும் அளக்க முடியாது என்று யோகன்னஸ் முல்லர் போன்ற பெரிய அறிஞர்களே எண்ணியிருந்தார்கள். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் கால் நரம்பில் அதை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று காட்டினார். நம் கையின் இயக்க நரம்புகளில் அது நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டும். உங்கள் அம்மாவின் கையில் மருத்துவர் முதலில் பார்த்தது இந்த வேகத்தைத்தான். நரம்பின் உறை தேய்ந்திருந்தால் வேகம் குறைந்திருக்கும். இழைகள் அழிந்திருந்தால் தசையில் எழும் விடை சிறுத்திருக்கும். இரண்டும் இல்லாததால் நரம்பு நலம் என்றார்.

ஆனால் நரம்பு தசையோடு ஒட்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஓர் இடைவெளி இருக்கிறது. உங்கள் கேள்விக்கான விடை அந்த இடைவெளியில் இருக்கிறது. இதை முதலில் காட்டித் தந்தது தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே என்ற நஞ்சு. பாரிஸில் கிளாட் பெர்னார் 1850களில் அந்த நஞ்சைத் தவளைக்குச் செலுத்திப் பார்த்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையை நேரடியாகத் தூண்டினால் அசைந்தது. ஆகவே தசை கெடவில்லை. பிறகு நரம்பை மட்டும் நஞ்சில் தோய்த்து, தசையை வெளியே வைத்து, நரம்பைத் தூண்டினார், தசை துடித்தது. ஆகவே நரம்பும் கெடவில்லை. இரண்டும் நலமாக இருக்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஆணை தொலைந்துபோயிருந்தது. உங்கள் அம்மாவின் மருத்துவர் சொன்ன வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் தவளைதான் நினைவுக்கு வந்தது.

அந்த இடைவெளியை மின்னலை தாண்டுவதில்லை. ஒரு வேதிப்பொருள் தாண்டுகிறது. நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் நுண்ணிய பைகளில் நிரம்பிக் காத்திருக்கிறது. அலை வந்து சேர்ந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. சில பத்துப் பைகள் வாய் திறந்து, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கொட்டுகிறது. அவை எதிர்க்கரையில், தசையின் மடிப்புகளில் நெருக்கமாக நிற்கும் ஏற்பிகள் என்னும் புரதங்களைத் தொட்டதும் தசையின் மேல் ஒரு புதிய மின்னலை பிறக்கிறது. அந்த அலை தசையின் உள்ளறைகளில் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை அவிழ்த்துவிட, மையோசின் என்ற தடித்த இழையிலுள்ள தலைகள் ஆக்டின் என்ற மெல்லிய இழையைப் பற்றி இழுக்கின்றன. பலர் கூடித் தேர்வடம் பிடிக்கும்போது ஒவ்வொரு கையும் பிடித்து இழுத்து, விட்டு, முன்னால் பிடிப்பதைப் போல அந்தத் தலைகள் மாறி மாறிப் பற்றுகின்றன. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன, தசைதான் குறுகுகிறது. 1954இல் ஒரே வாரத்தில், ஒரே இதழில், உறவினர் அல்லாத இரு ஹக்ஸ்லிகள் தத்தம் துணையாய்வாளர்களுடன் இதைத் தனித்தனியே வெளியிட்டார்கள். வேலை முடிந்ததும் இடைவெளியில் உள்ள கொலினெஸ்டரேஸ் என்ற நொதி, மிஞ்சிய அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைத்து இடத்தைத் துப்புரவாக்குகிறது. அப்போதுதான் அடுத்த ஆணைக்கு வழி பிறக்கும்.

இந்த ஏற்பாட்டில் இயற்கை தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது. தசையைத் தூண்டத் தேவையான அளவைப் போலப் பல மடங்கு ஒவ்வொரு முறையும் வெளியிடப்படுகிறது. அலைகள் அடுத்தடுத்து வரும்போது, உடனே கொட்டத் தயாராக நிற்கும் பைகள் குறைந்து, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது முறைகளில் வெளிவரும் அளவு சற்றே இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். கையிருப்பு மிகுதியாக இருப்பதால் உங்களுக்கும் எனக்கும் அது தெரிவதில்லை. உங்கள் அம்மாவின் உடலிலோ, கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் தசையின் ஏற்பிகளையே பகையென்று கருதித் தாக்குகின்றன. சிலவற்றை மறைக்கின்றன, பலவற்றை அழிக்கின்றன, அவை நிற்கும் மடிப்புகளையும் தேய்த்துவிடுகின்றன. 1973இல் இத்தகைய நோயாளிகளின் தசையை எடுத்து எண்ணியபோது ஏற்பிகள் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நிலையில் முதல் ஆணை எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நான்காவது ஆணை சில இழைகளுக்குப் போய்ச் சேராது. காலையில் முதல் பாட்டு நன்றாக வருவதும், இரண்டாவதில் அண்ணத்தின் தசை தளர்ந்து காற்று மூக்கு வழியே நழுவுவதும் இதனால்தான். சப்பாத்தி மெல்லும் தாடையும் அப்படியே. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாமல் இமையைத் தாங்கும் சிறு தசையும், நொடிக்கு மிக அதிக எண்ணிக்கையில் அலைகளைப் பெறும் விழித்தசைகளும் முதலில் சோர்வது இந்த நோயில் வழக்கம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மின்தூண்டல் கொடுத்ததன் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அந்த மருத்துவர் உங்கள் அம்மாவின் மாலை நேரத்தைச் சில நொடிகளுக்குள் அங்கேயே வரவழைத்துப் பார்த்திருக்கிறார். நரம்பை நொடிக்கு இரண்டு அல்லது மூன்று முறை வீதம் தூண்டி, தசையிலிருந்து வரும் விடைகளைத் திரையில் வரிசையாகப் பதிவுசெய்வோம். நலமானவருக்கு எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும். இந்த நோயில் நான்காவது, ஐந்தாவது கோடுகள் முதல் கோட்டைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருக்கும். 1895இல் பெர்லினில் ஃபிரீட்ரிக் யோலி இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோதே, மீண்டும் மீண்டும் மின்தூண்டல் கொடுத்தால் தசை சோர்வதையும், ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் செய்து காட்டியிருந்தார். கருவிகள் மாறியிருக்கின்றன, கேட்கும் கேள்வி அதேதான்.

இது நரம்பைக் கெடுக்காது. ஒவ்வொரு தூண்டலும் ஒரு நொடியின் பல்லாயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கும். தோலுக்கு மேலிருந்து கொடுக்கப்படுவது. சுளீரென்று இருக்கும், அது உண்மை; முகத்தில் வைக்கும்போது வயதானவர்கள் பயந்துவிடுவதும் உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது எங்கள் கடமை. உங்கள் அம்மாவிடம் அது சொல்லப்படவில்லை என்றால் அது குறைதான். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் அதை முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

வெந்நீரைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனென்றால் நல்ல ஆய்வகத்தின் அடையாளம் அது. குளிர்ச்சியில் கொலினெஸ்டரேஸ் நொதியின் வேகம் குறைகிறது. ஆகவே அசிட்டைல்கோலின் இடைவெளியில் சற்றுக் கூடுதல் நேரம் தங்கி, எஞ்சியிருக்கும் ஏற்பிகளைத் தேடிப் பிடிக்கிறது. குளிரூட்டிய அறையில் கை சில்லிட்டிருந்தால் நோய் இருந்தும் கோடுகள் தாழாமல் போகலாம், நோயில்லை என்று தவறான அறிக்கை வரலாம். அதைத் தவிர்க்கவே கையைச் சூடாக்கச் சொல்லியிருக்கிறார். இதே உண்மையை எதிர்ப்பக்கமாகவும் பயன்படுத்துவோம்: தொங்கும் இமைமேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்தெடுத்தால் இமை சற்று உயரும். கோடையில் உங்கள் அம்மா கூடுதலாகச் சோர்ந்திருந்தால் அதற்கும் இதில் காரணம் இருக்கிறது.

இந்த இடைவெளி பழுதானால் என்ன ஆகும் என்பதை நான் படிப்பில் கற்றதைவிட ஓர் இரவில் கற்றது அதிகம். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், தரையில் பாய்விரித்துப் படுத்திருந்த ஓர் இளைஞரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். பிறகு இரண்டு இமைகளும் தாழ்ந்தன. பிறகு பேச்சு குழறியது. கடித்த தடம் தேடினாலும் தெரியவில்லை. கட்டுவிரியன். அதன் நஞ்சு தாக்குவதும் இதே சந்திப்பைத்தான். நரம்பு முனையையே அது சிதைப்பதால் மீள நாள்கள் பிடிக்கும். செயற்கைச் சுவாசத்தில் ஒரு விரலும் அசையாமல் கிடந்த அவர், நலமான பிறகு, தம் கட்டிலருகே நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் திருப்பிச் சொன்னார். உணர்வு முழுவதும் இருந்திருக்கிறது, ஆணை மட்டும் கரையேறவில்லை. அன்றிலிருந்து அசையாமல் கிடக்கும் எந்த நோயாளியின் அருகிலும் நான் நம்பிக்கையிழந்து பேசியதில்லை.

தைவானில் உள்ள மற்றொரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து 1963இல் பிரித்தெடுத்த ஒரு பொருள், தசையின் ஏற்பியை மட்டும் தேடிப்பிடித்து விடாமல் ஒட்டிக்கொள்ளும். மேலே நான் சொன்ன 1973ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அந்த நஞ்சை வைத்து நடந்ததுதான். அதே ஆண்டில், மின்சார விலாங்கு மீனிலிருந்து ஏற்பிகளைப் பிரித்தெடுத்து முயல்களுக்கு ஊசியாகப் போட்டபோது, முயல்களின் உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, முயல்கள் உங்கள் அம்மாவைப் போலவே தளர்ந்தன. இந்த நோய் தன் உடலின் எதிர்ப்பாற்றலால் வருவது என்பது அப்போதுதான் ஐயமின்றி நிலைபெற்றது.

மாத்திரைக்கு வருகிறேன். 1934இல் லண்டன் கிரீனிச்சில் உள்ள ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோய் குராரே நஞ்சேறியதைப் போலவே இருக்கிறதே, அதன் முறிவான ஃபைசோஸ்டிக்மைனை இதற்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று சிந்தித்தார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் நோயாளியின் இமை எழுந்தது. மருந்தின் வீரியம் தணிந்ததும் மீண்டும் தாழ்ந்தது. உங்கள் அம்மாவுக்கு எழுதப்பட்டிருக்கும் பைரிடோஸ்டிக்மைன் அந்த மருந்தின் வழிவந்தது. அது நொதியைத் தடுத்து, அசிட்டைல்கோலினை இடைவெளியில் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கிறது. விழுங்கி அரை மணி முதல் முக்கால் மணிக்குள் வேலை தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும். எனவே உணவுக்குச் சற்று முன்னால் போட்டுக்கொண்டால் மெல்லவும் விழுங்கவும் எளிதாக இருக்கும். வயிற்றுப் பிசைவு, பேதி, எச்சில் ஊறுதல் வரலாம். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகக் கூட்டிவிட வேண்டாம். வயலில் தெளிக்கும் சில பூச்சிக்கொல்லிகள் ஆளைக் கொல்வதும் இதே நொதியை முழுவதுமாக முடக்கித்தான். மருந்தும் அளவு மீறினால் தசையைத் தளரவைக்கும்.

இந்த மாத்திரை ஆணையைக் கரையேற்ற உதவுகிறதே தவிர, ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருளை ஒன்றும் செய்வதில்லை. அதைக் கட்டுப்படுத்தத்தான் ஸ்டீராய்டும் அசதயோபிரின் போன்ற மருந்துகளும். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில் சிலருக்குச் சோர்வு கூடுவதுண்டு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றுவோம். அதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. அசதயோபிரின் பலன் தரப் பல மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பத்துப் பேரில் ஒருவருக்கேனும் கட்டி இருக்கக்கூடும் என்பதால் மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், எடுக்கவில்லையென்றால் கேளுங்கள். கட்டி இருந்தால் அகற்ற வேண்டும். கட்டி இல்லாதவர்களிலும், ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பவர்களுக்குச் சுரப்பியை அகற்றுவது பலனளிக்கிறது என்று 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. உங்கள் அம்மாவின் வயதும் அதில் அடங்கும். ஆயுள் முழுவதும் மாத்திரையா என்றால், பலருக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும், சிலருக்கு மிகக் குறைந்த அளவோடு நின்றுவிடும், சிலர் மருந்தேயின்றி நலமாக இருக்கிறார்கள். உங்கள் அம்மா எந்த வகை என்பதை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் போக்குதான் சொல்லும்.

மாத்திரை எழுதும்போது சொல்லப்பட்டிருக்க வேண்டியதும் பலமுறை சொல்லாமல் விடப்படுவதுமான ஒன்று, வேறு நோய்களுக்குக் கொடுக்கும் மருந்துகள் சில இந்தச் சந்திப்பை மேலும் அடைத்துவிடும் என்பது. காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று என்று போனால் சாதாரணமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஊசியாகப் போடப்படும் ஜென்டாமைசின், அமிகாசின், இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால் வகை, கண் நீரழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு, மலேரியாவுக்கான குளோரோகுயின், இரத்தக்குழாய் வழி ஏற்றும் மெக்னீசியம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நோயின் பெயரையும் இந்த மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பணப்பையில் வைத்துவிடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை வீட்டில் அடியோடு விட்டுவிடுங்கள். பல் பிடுங்குவதாயிருந்தாலும் மயக்க மருந்து கொடுப்பதாயிருந்தாலும் அந்தத் தாளை முதலில் காட்டுங்கள்.

மூச்சுத் தசைகள் சோர்வதுதான் இந்த நோயின் உண்மையான அபாயம். படுத்தால் மூச்சு முட்டுதல், எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் தேங்குதல், இருமக்கூட வலுவில்லாமை, ஒரே மூச்சில் இருபதுவரை எண்ண முடியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலைவரை காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 97, 98 என்று காட்டுவதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. தசை ஏறத்தாழ ஓயும்வரை அந்த எண் குறையாமல் இருக்கக்கூடும். சரியான நேரத்தில் போனால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றியோ, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றியோ மீட்டுவிட முடிகிறது.

உங்களுக்கு வருமா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மனத்தில் அது முதலில் இருந்திருக்கும். இது தாயிடமிருந்து மகளுக்கு நேராக இறங்கும் நோயல்ல. தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் சில குடும்பங்களில் சற்று அதிகமாகத் தென்படுவதுண்டு, அவ்வளவே. அறிகுறி ஏதும் இல்லாத நீங்கள் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளத் தேவையில்லை.

அம்மா பாடுவாரா? பாடுவார் என்றே நம்புகிறேன். சிகிச்சை சீராக நடக்கும் பெரும்பாலானவர்கள் தங்கள் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இப்போதைக்கு மாலை வேளையை விட்டுக் காலைச் சந்நிதியில் பாடட்டும். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, அமர்ந்து, ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே உடன் பாடுபவர்களை ஒரு பாட்டு பாடவிட்டு, அதைக் கேட்டபடி இளைப்பாறித் தொடரட்டும். குரல் மூக்குக்குப் போகத் தொடங்கினால் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். பத்து நிமிடத்தில் திரும்பிவரும். எத்தனையாவது பாட்டில் குரல் தளர்ந்தது என்பதை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க அந்தக் குறிப்பேடு அவருக்குப் பெரிதும் பயன்படும்.